மணல் மூட்டைகளுக்குக் கால் இல்லை

லிஃப்ட் பழுதுபார்ப்பவன் லிஃப்டில் ஏற அஞ்சுகிறான் என்றால், மீனுக்குத் தண்ணீர் ஆகவில்லை என்று கேட்டவர்போல் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். அவனும் ஊரைப் பார்த்து வேண்டிய மட்டும் சிரித்தவன்தான்.

பணிமனையில் அவனுக்குச் சூரப்புலி என்று பெயர். உச்சி மாடியில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டே ரொட்டி தின்றவன் என்பதால் வந்த பட்டம் அது. பட்டத்துக்குத் தக்க வாயும் இருந்தது. தலைவலி என்பவன் வேலைத் திருடன். தூக்கம் வரவில்லை என்பவன் உடம்பு வளையாதவன். மனம் சரியில்லை என்பவனையோ அவன் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கட்டிய மனைவி மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்து, பிறகு மனநல மருத்துவரிடம் சென்று மாத்திரை உண்ணத் தொடங்கியபோதும் அந்த வாய் ஓயவில்லை.

“மனசுக்கு மாத்திரையாம்! நாளைக்கு நிழலுக்குக் கட்டுப் போடச் சொல்லுவாங்க” என்று அவளுடைய தம்பியிடமே சொல்லிச் சிரித்தான். அவள் தண்ணீர்க் குவளையை எடுத்து மாத்திரையை விழுங்கினாள்.

பிறகு அவனுக்கும் முறை வந்தது. இரண்டு மாடிகளுக்கு நடுவே பெட்டியைத் தானே நிறுத்தி, தானே திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். விளக்கு எரிந்தது, காற்றாடி சுழன்றது, ஒரு குறையும் இல்லை. அப்படியிருக்க நெஞ்சு திடுதிடுவென அடித்தது, விரல்கள் மரத்தன, சாவு வந்துவிட்டது என்று உறுதியாயிற்று. சாவு வரவில்லை. இதய மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, “இதயம் கல்லு மாதிரி இருக்கு. மனசுக்குத்தான் யாரையாவது பாருங்க” என்றார். அந்த வாக்கின் முதற்பாதியை மட்டும் சூரப்புலி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

அன்று முதல் அவன் ஏறவில்லை. ஆனால் அவன் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: பழுது பார்த்தவனே முதலில் ஏறிச் செல்ல வேண்டும், அதுவும் சுவரைப் பிடிக்காமல். கையால் முடுக்கியதைக் காலால் கேட்க வேண்டும் என்பார்கள். சூரப்புலி அதற்கு ஒரு குறுக்குவழி கண்டான். எடை சோதிக்க வைத்திருக்கும் மணல் மூட்டைகளைப் பெட்டியில் அடுக்கி மேலே அனுப்பிவிட்டு, தான் கீழே நின்று காதைத் தீட்டிக்கொண்டான். கூட வேலை செய்யும் மைத்துனனை ஏதேனும் ஒரு சாமான் வாங்கக் கடைக்கு அனுப்பிவிடுவான். மூட்டைகள் போயின, வந்தன. சூரப்புலி சரி என்றான்.

மூட்டைகள் நிறைந்த பெட்டிக்கென்று முடுக்கிய பிரேக், ஒற்றை ஆளைக் குலுக்கி எடுத்தது. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் பணிமனைக்கு ஆள் விட்டார். சூரப்புலியும் மைத்துனனும் போனார்கள்.

“என்னங்க வேலை பண்றீங்க? ஒவ்வொரு மாடியிலயும் நிக்கிறப்போ பல்லு ஆடுது. எங்க மாமியாருக்குப் பல்செட்டே கழண்டு விழுந்துடுச்சு!” என்றார் செயலாளர்.

மைத்துனன் திரும்பினான். “நீங்க ஏறிப் பாத்தீங்கதானே, மச்சான்?”

“மூட்டை ஏத்திப் பாத்தேன், மாப்ளே.”

“மூட்டை வாயத் தொறந்து சொல்லுச்சா, குலுங்கலன்னு?”

“அப்ப இப்பவே ஏறிக் காட்டுங்க. நானும் கூட வரேன்” என்று செயலாளர் உள்ளே போய் நின்றுகொண்டார்.

திறந்த பெட்டி காத்திருந்தது. சூரப்புலியின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. “நான் படியில போய் ஒவ்வொரு கதவா பாத்துட்டு வரேன்” என்றான்.

“கம்ப்ளெய்ண்ட் படிக்கா வந்திருக்கு?” என்றான் மைத்துனன்.

இன்னொரு பொய் நாக்கின் நுனியில் ஆயத்தமாக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் மீண்டும் மூட்டைகள் ஏறியிருக்கும். அடுத்த முறை பல்செட்டு மட்டுமா விழும்? வேலை போவது ஒருபுறம் இருக்கட்டும், ஒரு கிழவியின் இடுப்பை முறித்த பெருமையும் சூரப்புலிக்குச் சேரும்.

“எனக்கு ஏறப் பயமா இருக்கு, மாப்ளே. ரொம்ப நாளா.”

செயலாளர் பெட்டி அதிரச் சிரித்தார். “லிஃப்ட்காரருக்கு லிஃப்ட் பயமா! நாளைக்குச் சமையல்காரன் அடுப்பைப் பாத்து ஓடுவான்!”

அந்தச் சிரிப்பைச் சூரப்புலி உடனே அடையாளம் கண்டுகொண்டான். வேறு யாருடையதும் அன்று அது. அவன் வாயில் நெடுங்காலம் வாடகையின்றிக் குடியிருந்த சிரிப்பு. வெளியே நின்று கேட்கும்போது எவ்வளவு அற்பமாக ஒலிக்கிறது என்று வியந்தான்.

மைத்துனன் சிரிக்கவில்லை. “இத முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நான் ஏறுறேன். நீங்க பிரேக்கைப் பாருங்க” என்று பெட்டிக்குள் போனான். அவன் காலால் கேட்டுச் சொல்லச் சொல்ல, இவன் கையால் தளர்த்தினான். குலுக்கல் நின்றது.

மாலையில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவன் வாசற்படிக்கும் மேசைக்குமாக நடந்துவிட்டுச் சொன்னான்: “அந்த டாக்டரம்மா இருக்காங்கல்ல…”

“எந்த டாக்டரம்மா? நிழலுக்குக் கட்டுப் போடுறவங்களா?”

இவனுக்குத் தலை நிமிரவில்லை. “எனக்குத்தான் பாக்கணும்.”

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்தாள். “இதயம் கல்லு மாதிரி இருக்குன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே. அது கல்லுதான்னு டாக்டருக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். நாளைக்கு வாங்க, கூட்டிட்டுப் போறேன்.”

மருத்துவரின் அறை ஐந்தாம் மாடியில் இருந்தது. சிரிப்பவருக்கு அதுவும் ஒரு விருந்து. மறுநாள் கட்டடத்து வாசலில், தம்பி மூலம் எல்லாம் அறிந்திருந்த மனைவி கூறினாள்: “நீங்க படியில வாங்க. எனக்கு மூட்டு வலி, நான் லிஃப்ட்ல போறேன்.”

தனியே விட்டுப் போகிறாளே என்று கறுவிக்கொண்டே ஏறினான். முதல் மாடியில் லிஃப்டின் கதவு திறந்திருந்தது. அதைக் கையால் தடுத்தபடி அவள் நின்றாள். “வந்தாச்சா, சூரப்புலி?” என்றாள், கதவை விட்டாள், மேலே போனாள். இரண்டாம் மாடியிலும் நின்றாள், மூன்றிலும் நின்றாள். உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு முதியவர், “அம்மா, நான் இன்னைக்கு வீட்டுக்குப் போகணும்” என்று முறையிட்டார்.

நான்காம் மாடியில் முதியவர் இறங்கிவிட்டிருந்தார். சூரப்புலி மூச்சிரைக்கக் கதவருகில் நின்றான். யாரும் அழைக்காதபோதே வலக்காலை உள்ளே வைத்தான். அடித்தட்டு இலேசாக அமிழ்ந்தது. நெஞ்சு பழையபடி அடிக்கத் தொடங்கியது. கால் அங்கேயே சிறிது நேரம் இருந்தது. பிறகு வெளியே எடுத்துக்கொண்டான்.

“நீ வந்து நிக்கிறப்போ சத்தம் கேட்டேன். இங்கயும் பிரேக் ஸ்பிரிங் இறுகியிருக்கு” என்றான்.

“முதல்ல உங்க ஸ்பிரிங்கைப் பாப்போம். இன்னும் ஒரு மாடிதான், ஏறுங்க” என்று அவள் கதவை விட்டாள்.