கவலைக்குரியவர் பட்டியல்

நூலகர் மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னபோதே விஷயம் பெரிது என்று தெரிந்தது. நிற்கவைத்துத் திட்டுவதுதான் அவர் வழக்கம். கணினித் திரையில் என் பெயர் சிவப்பில் இருந்தது. யார் நூலகத்தை விட்டு ஒதுங்குகிறார்கள் என்று பார்த்து, யார் படிப்பையே விடப்போகிறார்கள் என்று ஊகித்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவை அந்த வருடம்தான் பல்கலைக்கழகம் வாங்கியிருந்தது. நான் எழுபது நாளாக வரவில்லையாம். விட்டுவிட எண்பத்தொரு சதவீதம் வாய்ப்பாம்.

நான் தினமும் வந்துகொண்டுதான் இருந்தேன், அறைத்தோழன் நெட்டையின் நூலக அட்டையை வாசல் கருவியில் காட்டி. உள்ளறையில் இருக்கும் மேடத்துக்கு வாசலில் யார் வருகிறார்கள் என்று தெரியாது. என் அட்டை தொலைந்து, புதிதுக்கு விண்ணப்பிக்கச் சோம்பல். "நீயே வெச்சுக்கோடா, நான் எங்க போகப்போறேன்" என்று அவன்தான் கொடுத்திருந்தான்.

இதைச் சொல்லியிருக்கலாம். வேடிக்கையாக இருக்கட்டும் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

"யாரும் இல்லன்னு நெனைக்காதப்பா," என்றார் மேடம். "வாரம் ஒருதரம் வா. சும்மா பேசிட்டுப் போ."

அறைக்கு வந்து மேடத்தின் குரலிலேயே நடித்துக் காட்டினேன். மதியம் இரண்டு மணிக்கும் போர்வைக்குள் இருந்த நெட்டை சிரித்தான். பிறகு, "நெஜமாவே கூப்பிட்டுக் கேக்கறாங்களா?" என்றான்.

"உனக்கெதுக்குடா? நீதான் பெரிய படிப்பாளியாச்சே. உன் பேர்ல பத்தொம்பது புத்தகம்."

அதற்கும் சிரித்தான். நல்ல ரசிகன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவனை ஊருக்கே கூட்டிப்போக அவன் அண்ணன் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பருவத் தேர்வில் ஒரு தாள்கூட நெட்டை எழுதவில்லை என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆறடி தூரத்தில் படுத்திருந்தவன் நான். "விடுடா, அப்புறம் பேசறேன்" என்று நெட்டை செருப்பை மாட்டினான்.

மேடத்திடம் ஓடி, நெட்டை படிப்பை விட்டுப் போவதைச் சொன்னேன். அவன் பெயரைத் தட்டிப் பார்த்தார். பச்சை.

"இந்தப் பையனா? தினமும் வர்றானே. இவனப் பத்தி எனக்குக் கவலையே இல்லப்பா."

"அது நான்தான் மேடம்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்போ நான் அன்னைக்குக் கூப்பிட்டிருக்க வேண்டியது அவனையா?" என்றார். பிறகு தொலைபேசியை என் பக்கம் தள்ளினார்.

"நம்பர் தெரியும்ல? போடு."

மூன்றாவது மணியில் எடுத்தான். "யாரு?"

பின்னால் பேருந்து உறுமியது. நடத்துநர் எல்லோரையும் உள்ளே நகரச் சொல்லிக்கொண்டிருந்தார். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். நெட்டை மறுபடி கேட்கவில்லை, வைக்கவும் இல்லை. கதவு சாத்தும் சத்தம் கேட்டது, பேருந்து நகர்ந்தது. மேடம் எனக்காக ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.