தடை செய்யப்பட்ட சொல்

அம்மா வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனதிலிருந்து அந்த மூன்றாம் மாடி வீட்டில் இரண்டே பேர், அப்பாவும் மகள் மிளகும். பேச்சோ அதிலும் பாதி. பரீட்சை என்று கேட்டாலே மிளகு போர்வைக்குள் புகுந்துகொள்வாள் என்பதால், லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா அந்தச் சொல்லையே நாடு கடத்திவிட்டார். பரீட்சைக்கு வீட்டில் பெயர் ‘விசேஷம்’. மார்க்குக்குப் பெயர் ‘அது’. டி.வி.யில் எவராவது தேர்வு என்று வாயெடுத்தால் போதும், ரிமோட்டை நோக்கி அவர் பாய்ந்த பாய்ச்சலில் சோபாவுக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது.

இத்தனை பந்தோபஸ்து செய்தும், கணக்கு ‘விசேஷம்’ அன்று காலை மிளகு யூனிஃபார்மோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

“மிளகு, வேன் வந்துரும்டா.”

“நான் போகல.”

“விசேஷம்லாம் ஒண்ணும் இல்லம்மா, சும்மா...”

“பரீட்சைன்னு சொல்லுப்பா!” கதவே அதிர்ந்தது. “நீயே அது பேரைச் சொல்லப் பயப்படுறே. அப்ப அது எவ்ளோ பெரிய பேயா இருக்கும்? என் பயத்தை நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?”

அப்பாவுக்குச் சுருக்கென்றது. காப்பாற்றுவதாக நினைத்து, மகளை அந்தப் பேயோடு தனியே விட்டுவிட்டிருக்கிறார்.

தொழில்தான் கைகொடுத்தது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் ‘பயப்படாதீங்க’ என்று அவர் சொல்வதே இல்லை. சொன்னால் கட்டடம் இடிகிற மாதிரி கத்துவார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். கதவோரம் தரையில் உட்கார்ந்தார்.

“சரி, பரீட்சைக்குப் போறே. அப்புறம்?”

“கொஸ்டின் பேப்பர் தருவாங்க. ஒண்ணுமே ஞாபகம் வராது.”

“அப்புறம்?”

“கை வேர்க்கும். பேனா வழுக்கும்.”

“அப்புறம்?”

“மார்க் கம்மியா வரும். அம்மா போன்ல ‘பரவால்ல’ம்பாங்க. அந்தப் ‘பரவால்ல’ இருக்கே, ரொம்ப மோசம்.”

“ஆமா, எனக்கும் அது நிறைய வந்திருக்கு. அப்புறம்?”

உள்ளே மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

“அப்புறம்... பெல் அடிப்பாங்க. பசிக்கும்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான் போல.”

தாழ்ப்பாள் விலகியது. அழுத மூக்கோடு வந்து உட்கார்ந்து, ஷூவை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“நான் போனதும் நீ என்ன பண்ணுவே?”

“வேலைக்குப் போவேன்.”

“அப்புறம்?”

“வந்து சமைப்பேன்.”

“அப்புறம்?”

“நீ படிப்பே. நான் சத்தத்தைக் குறைச்சு வெச்சு டி.வி. பாப்பேன்.”

“அப்புறம்?”

ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பேசிப் பேசியே தரையிறக்கிய மனிதர், மகளின் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

கீழே வேன் ஹாரன் அலறியது. மிளகு பையை மாட்டிக்கொண்டாள்.

“யோசிச்சு வெச்சுக்கோப்பா. சாயங்காலம் வந்து கேப்பேன்.”

படிகளில் அவள் காலடி இறங்கித் தேய்ந்தது. அப்பா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். அவ்வளவு கஷ்டமான கேள்வி. எட்டிப் பார்த்து எழுதப் பக்கத்தில் யாரும் இல்லை.