ரைஸ்மில் தெருக் களம்

சங்கு ஊதியது.

ஆறு வருஷமாக மூடிக் கிடக்கும் ரைஸ்மில்லின் சங்கு, காலை பத்தரை மணிக்கு, கள்ளக்குறிச்சி ரைஸ்மில் தெருவே அதிரும்படி அலறியது.

மில் ஆட்களுக்குக் கட்டிய லைன் வீட்டு வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த இருசம்மாள் சட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். மீனை நினைக்கவில்லை, சுற்றிச் சுற்றி வந்த பூனையையும் நினைக்கவில்லை. மில் ஓடிய காலத்தில் காலையில் ஊதினால் வேலைக்கு வா என்று பொருள், சாயங்காலம் ஊதினால் வீட்டுக்குப் போ என்று பொருள். நேரங்கெட்ட நேரத்தில் ஊதினால் ஒன்றே ஒன்றுதான்: மழை வருகிறது, களத்தில் காயும் நெல்லை வந்து குவி. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் ஓட வேண்டும். அப்படிப் பழகிய கால்கள் அவளுடையவை. அவை தலையைக் கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை.

களத்துக்குப் போய் நின்ற பிறகுதான் தலை வேலை செய்தது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மார்கழி வெயில் பளிச்சென்று அடித்தது. களத்தில் ஒரு மணி தானியமும் இல்லை. நைனார்பாளையத்து மக்காச்சோளத்தை முந்தாநாள்தான் அள்ளி அனுப்பியிருந்தார்கள்.

சுற்றிலும் பார்த்தாள். லைன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பாரதியின் தலையில் சீயக்காய் நுரை. தங்கமணியின் கையில் குழம்புக் கரண்டி.

"இன்னாடி, மழை எங்க?" என்றாள் தங்கமணி.

மழை இல்லை. கேட்டருகே மஞ்சள் நிற ஜேசிபி ஒன்று நின்றது. ஆபீஸ் படியில் மில் முதலாளியின் மகன் இளவரசன் நின்றான். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட சென்னை புரமோட்டர். இளவரசனின் கை இன்னும் சங்கின் சுவிட்சிலேயே இருந்தது.

நடந்தது இதுதான். யாருக்கும் தெரியாமல் களத்தை உடைத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இளவரசன் வந்திருந்தான். உடைத்துவிட்டால் அப்புறம் அழுது என்ன, ஆர்ப்பாட்டம் பண்ணி என்ன? வந்த இடத்தில் புரமோட்டர் சங்கைப் பார்த்துவிட்டு, "இது வேலை செய்யுமா? கிளப் ஹவுஸ்ல மாட்டலாமே" என்று கேட்டார். இளவரசன் பெருமையாக அழுத்திக் காட்டினான். சின்ன வயதிலேயே சென்னை ஹாஸ்டலுக்குப் போனவன். நேரங்கெட்ட சங்குக்கு இந்தத் தெருவில் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாது. எவருக்குத் தெரியக் கூடாது என்று வந்தானோ அவர்களைத் தானே கூப்பிட்டு நிறுத்திவிட்டான்.

"வந்ததும் நல்லதுதான்" என்று சமாளித்தான். "இருசம்மா, பக்கத்து மில்லு பிளாட்டு ஆயிடுச்சு, பாத்துக்கினுதான இருக்க? இங்கயும் அதான் வருது. களத்துல கார் பார்க்கிங். இன்னிக்கு களத்தை ஒடைக்கிறோம். எல்லாரும் ஓரமா போங்க."

பக்கத்து மில் இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாடி நின்றது. கல்வராயன் மலை தெரியும் வீடுகள் என்று விளம்பரப் பலகை. மலை தெரிந்ததோ இல்லையோ, மூன்று மணிக்கு மேல் அந்தக் கட்டடத்தின் நிழல் களத்தில் பாதியைத் தின்றது. மில் மூடிய பிறகு இந்தக் களம்தான் லைன் வீட்டுக்குச் சோறு போடுகிறது. சுற்று வட்டாரத்து விவசாயிகள் தானியத்தைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பெண்கள் காலால் துழாவிக் காயவைத்து, தூற்றி, மூட்டை கட்டிக் கொடுப்பார்கள். அதற்குக் கூலி. களம் போனால் கூலியும் போச்சு.

"பழசை எல்லாம் அழிச்சிடறோம்னு நினைக்காதீங்க" என்றார் புரமோட்டர். "அந்தப் புகைபோக்கியை அப்படியே விடறோம். லைட் போட்டு, கேட் பக்கத்துல நிக்கும். பாரம்பரியம்மா."

இருசம்மாள் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாள். "அதை இன்னாத்துக்கு சார் வெச்சிக்கினு? அது கரியைத் துப்பி எங்க கண்ணைக் கெடுத்ததுதான் மிச்சம். வேணும்னா அதை ஒடைங்க. களத்தை வுடுங்க."

புரமோட்டருக்கு அது புரியவில்லை. புகைபோக்கியைப் படம் பிடித்து நோட்டீஸே அடித்துவிட்டார்.

"உங்களை நடுத்தெருவுலயா வுடறேன்?" என்றான் இளவரசன். "பிளாட்டுல பெருக்கித் தொடைக்கிற வேலை எல்லாருக்கும் தரேன்."

"இத்தினி பேரும் பெருக்கினா தரை தேஞ்சி கீழ் வூட்டுக்காரன் தலை தெரியும் தம்பி" என்றாள் தங்கமணி. பெண்கள் சிரித்தார்கள்.

பாரதி சிரிக்கவில்லை. இருசம்மாளின் காதருகே வந்தாள். "நெழல்ல செய்யற வேலை பெரிம்மா. இந்த வெயில்ல கால் வெந்து போவுது. யோசிச்சுப் பாரேன்."

"யோசிச்சுட்டேன். அங்க போனா ஒருத்தி வா, ஒருத்தி போன்னுவா. இங்க நான் சொல்றப்பதான் தானியம் கொட்டணும், நான் சொல்றப்பதான் அள்ளணும். உனக்கு நெழலு வேணும்னா போ, பாரதி. நான் கோவிச்சிக்க மாட்டேன்."

பாரதி போகவில்லை. முந்தானையால் நுரையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

ஜேசிபி உறுமியது. ஓட்டுநர் கொளஞ்சியப்பன் வண்டியைக் கேட்டுக்குள் திருப்பினான். இருசம்மாளின் கண் வெறுங்களத்தில் ஓடியது. களம் காலியாக இருப்பதுதான் வினை என்று அவளுக்குச் சட்டென்று உறைத்தது. ஆட்களைத் தள்ளிவிடலாம். தானியத்தைத் தள்ளிவிட இந்தப் பக்கத்தில் எவனுக்குக் கை வரும்?

"ஏய், வூட்டுக்கு ஓடுங்க" என்றாள். "ரேசன் அரிசியோ, உளுந்தோ, எது இருக்குதோ எடுத்துக்கினு வாங்க. நடுக்களத்துல போடுங்க."

போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். முறத்தில் ஒருத்தி, குடத்தில் ஒருத்தி, பிள்ளையின் பள்ளிக்கூடப் பையில் ஒருத்தி. ரேஷன் அரிசி, துவரை, கொஞ்சம் கேழ்வரகு. வண்டி களத்தின் விளிம்பைத் தொடுவதற்குள் நடுவில் ஒரு கோலம்போல அரிசி பரவிவிட்டது.

இளவரசனுக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. "ஏற்கெனவே காஞ்ச அரிசியை இன்னாத்துக்கு காய வெக்கிறீங்க?"

"வண்டு வுழுந்துடுச்சு தம்பி" என்றாள் இருசம்மாள்.

"கொளஞ்சி, நீ ஏத்துப்பா."

கொளஞ்சியப்பன் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினான். களத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றினான். அரிசி வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"முடியாது சார்."

"ஏன்யா? ரோட்டுல போடறானுங்களே, லாரி ஏறல? பஸ்ஸு ஏறல?"

"அது கதிரு சார். மணி உதிரணும்னு அவங்களே போடறது. இது ஒலையில போடற அரிசி. இது மேல ஏத்திட்டு வூட்டுக்குப் போயி நான் எப்படி சோறு துண்றது? வேற ஆளை வெச்சிக்குங்க."

"வேற ஆளு வர எவ்ளோ நேரம் ஆவும்?"

"வருவான் சார். அவனும் எங்க பக்கத்து ஆளாத்தான் இருப்பான்" என்று சொல்லிவிட்டு, வண்டி நிழலிலேயே உட்கார்ந்து டீ கேட்டான். தங்கமணி வீட்டிலிருந்து டீ வந்தது.

புரமோட்டர் போலீஸைக் கூப்பிடலாமா என்று கேட்டார். "வரட்டும் சார்" என்றாள் தங்கமணி. "அவங்க வூட்டு அரிசியிலயும் வண்டு இருக்கும். எடுத்தாரச் சொல்லுங்க, சேத்துக் காய வெக்கிறோம்."

இருசம்மாள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒதுங்கினாள். வெகுநேரம் போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. ஒருவரிடம் பேசி முடித்தால் அடுத்தவர். வெயில் உச்சிக்கு ஏறியது. புரமோட்டர் இரண்டு இளநீர் குடித்துவிட்டுக் காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்தார்.

மதியத்துக்கு மேல் வெள்ளிமலையிலிருந்து ஜீப் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு உள்ளே நுழைந்தது. உள்ளே ஆள் உட்கார இடமில்லாமல் சாமை மூட்டைகள். ஓட்டி வந்த கலையரசன் இறங்கும்போதே புலம்பினான்.

"நாளைக்குத்தான எடுத்தாறதா இருந்தோம் அக்கா? அவசரம்னு சொன்னதும் மலையில ஒரு வளைவுல கூட பிரேக் போடல. பின்னாடி மூட்டை மேல ஒக்காந்து வந்தவரு பாதி வழியில எறங்கி நடந்தே வரேன்னுட்டாரு."

மூட்டைகள் அவிழ்ந்தன. பாரதிதான் முதலில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பெண்கள் வரிசையாக நின்று காலால் துழாவிக்கொண்டே போக, சாமை களத்தின் நாலு மூலைக்கும் பரவியது. அரை மணியில், சிமெண்டுத் தரையே தெரியாமல் மூடிவிட்டது.

இளவரசன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். உளுந்தூர்பேட்டையில் மகள் வீட்டில் இருந்த அம்மாவுக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான். மில் அந்த அம்மா, விஜயலட்சுமி அம்மாள் பேரில்தான் இருந்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் இருசம்மாள் மீறமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். இருசம்மாளுக்கும் தெரியும்.

"அம்மா, இவங்க வேணும்னே களத்துல தானியத்தைக் கொட்டிக்கினு வேலை செய்ய வுட மாட்டேன்றாங்க. நீயே சொல்லு."

"களத்துல தானியம் கெடக்குதா?" என்றது போன்.

"வேணும்னே கொட்டினதும்மா."

"கெடக்குதா, இல்லியா?"

"கெடக்குது."

"அப்ப கை வெக்காத. உங்கப்பா இருக்கறவரைக்கும் காயற தானியத்துக்கிட்ட செருப்புப் போட்டுக்கினு போனதில்ல. நீ எந்திரத்தை ஏத்துவியா? உனக்குக் குடுத்த வாக்கு குடுத்ததுதான், பிளாட்டு கட்டிக்க, நான் வேணான்னு சொல்லல. ஆனா களம் காலியானப்புறம்தான் கடப்பாரை உள்ள வரணும். இருசம்மா, கேட்டுக்கினியா?"

"கேட்டுக்கினேங்க அம்மா" என்றாள் இருசம்மாள், சற்று உரக்க.

போன் அணைந்தது. இளவரசன் முகத்தில் தெளிவு வந்தது. தோற்றதாக அவனுக்குத் தோன்றவில்லை. இந்த வெயிலுக்குச் சாமை காய்வதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? காரிலிருந்த புரமோட்டருக்குக் கையைக் காட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை செய்தான்.

"சரி, அம்மா சொல்லிட்டாங்க. நீயும் ஒத்துக்கின. நான் அவசரப்படல. சொல்லு, களம் எப்ப காலியாவும்? நாளைக்கா, நாளன்னிக்கா?"

இருசம்மாள் காலால் துழாவுவதை நிறுத்தவில்லை.

"நாளைக்கு நைனார்பாளையம் மக்காச்சோளம் அடுத்த லோடு வருது தம்பி, அதை அள்ளறதுக்கு முன்ன தியாகதுருகம் நெல்லு, அப்புறம் சின்னசேலத்து வேர்க்கடலை, அது முடிஞ்சா மலைப் புளி, அதுக்குள்ள அடுத்த சாமை வந்துடும், எல்லாருக்கும் போன் போட்டு சொல்லிட்டேன்."