கழுத்து தப்பிய கிளி

மார்ச் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, மாலை ஆறு மணிக்கு, என் தம்பி தன் கையால் செய்த மின்கிட்டாருக்கு முதன்முதலாகத் தந்தி பூட்டினான். வரும் சனிக்கிழமை அவன் மகள் கல்லூரி மேடையில் முதல் தடவையாக வாசிக்கவிருந்தாள். அப்பா செய்த கிட்டாரில்தான் வாசிப்பேன் என்று தோழிகளிடமெல்லாம் சொல்லியும் வைத்திருந்தாள். ஆகவே குடும்பம் முழுவதும் கூடத்தில் திரண்டிருந்தது.

கிட்டார் அழகாக இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. விரல் வைத்து வாசிக்கும் கறுப்பு மரப்பலகை நெடுகிலும், முத்துச்சிப்பியில் அறுத்த கிளிகள் அமர்ந்திருந்தன. கிளியின் வடிவத்துக்கே மரத்தைக் குடைந்து, பசையிட்டுப் பதித்து, மெருகேற்றியிருந்தான். சிப்பித்தூள் நெஞ்சுக்கு ஆகாது என்பதால் வேலை நடந்த மாதங்களில் முகமூடியோடே திரிந்தான். அவன் பேச்சு ஒருவருக்கும் விளங்காததால் வீட்டில் சண்டை குறைந்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மகள் விரலை அழுத்தி மீட்டினாள். முகம் சுருங்கியது.

"அப்பா, ஸ்ருதி சேரலையே."

"புதுத் தந்தி. போகப் போகச் சரியாயிடும்."

"தந்தி இல்லப்பா. மெட்டுக் கம்பிங்க இடம் மாறியிருக்கு."

"ரெண்டு மில்லிமீட்டர்தாம்மா!"

உண்மை அப்போதுதான் வெளிவந்தது. பலகையின் குறுக்கே பதியும் மெட்டுக் கம்பிகளுக்கு முதலில் பள்ளம் அறுத்துவிட்டு, அதன் பிறகே சிப்பி பதிக்க வேண்டும். இவனோ கிளிகளை முதலில் பதித்துவிட்டான். பின்னர் அளந்தபோது, ஐந்தாம் கம்பி ஒரு கிளியின் கழுத்தில் வந்து நின்றது. அந்தக் கழுத்தைக் காப்பாற்றக் கம்பிகளையே தள்ளிப் பதித்துவிட்டான்.

"அதுக்காகக் கழுத்தை அறுக்கச் சொல்றியா?" என்றான்.

"கிளி கழுத்து தப்பிச்சுது. சனிக்கிழமை வர்றவங்க கழுத்து?" என்றாள் அவன் மனைவி.

போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அவள் தம்பி சமாதானம் சொன்னான்: "விடுங்க மச்சான். படத்துல ஸ்ருதியா தெரியப்போகுது?"

"மேடையில நிக்கப்போறது கிளியா, பொண்ணாடா?" என்று நான் கேட்டேன்.

"விடுங்க அத்தை, நான் இதுலயே வாசிச்சுடறேன்" என்றாள் பெண், தலை நிமிராமல்.

தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கிட்டாரை வாங்கி, தானே அழுத்தி மீட்டினான். செய்த நாள்முதல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், அப்போதுதான் அதைக் காதுகொடுத்துக் கேட்டான்.

"இஸ்திரிப் பெட்டி எங்க இருக்கு?" என்றான்.

"சட்டையெல்லாம் தேய்க்காமக் கிடக்கு!" என்றாள் மனைவி.

"பலகையைச் சூடு காட்டிக் கழட்டணும்."

கழற்றியபோது, எந்தக் கிளியின் கழுத்துக்காக இசையே இடம்பெயர்ந்ததோ, அந்தக் கிளிதான் சூடு தாங்காமல் முதலில் பெயர்ந்து விழுந்தது.

இறுதியில் முடிவானது இது: வெள்ளிக்கிழமைக்குள் புதுப் பலகை பூட்டப்படும். முதலில் பள்ளம், பிறகே சிப்பி. பதிப்பவை, கம்பிகளுக்கு நடுவே சிறு வட்டப் புள்ளிகள் மட்டும். அவை பெயர்ந்த கிளியிலிருந்தே எடுக்கப்படும். அறுப்பவன் என் தம்பி. மற்றக் கிளிகள் பலகையோடு கூடத்துச் சுவரில் மாட்டப்படும். மைத்துனன் விரும்பிய மட்டும் படம் எடுத்துக்கொள்ளலாம்.