எர்த் வயரும் கறுப்புப் பெயிண்டும்

கிளினிக் வாசலில் வண்டியை அணைத்துவிட்டு, பின்சீட்டில் இருந்த பையை எடுத்து, அங்கே நர்ஸாக வேலை பார்க்கும் மனைவியிடம் கொடுத்தார் தையல்காரர். திரும்ப வந்து சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். டக். மாமனார் ஓட்டித் தேய்த்துக் கொடுத்த பழைய கார். காலையில் வீட்டிலும் திக்கித் திணறித்தான் கிளம்பியிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் காரை எடுத்துப்போனது மனைவிதான். அது ஞாபகம் வந்ததும் அவருக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது.

“நேத்து லைட்டை அணைச்சியா நீ?”

“அணைச்சேங்க.”

“அணைச்சிருந்தா பேட்டரி ஏன் செத்துக் கெடக்கு? ஒரு பொருளை ஒழுங்கா வச்சுக்கத் தெரியுதா உனக்கு? உங்கிட்ட சாவியைக் குடுத்த என்னைச் சொல்லணும்!”

டாக்டருக்காகக் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊசி போடும்போது அவள் 'வலிக்காது' என்றால் நம்பிக் கையை நீட்டுகிறவர்கள். நர்ஸ் உடுப்போடு நின்றவள் பையைப் படியில் வைத்துவிட்டுக் காரின் பின்னால் போய்க் கை வைத்தாள். வாட்ச்மேனும் மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண்ணும் ஓடிவந்து சேர்ந்து தள்ள, இரண்டாவது கியரில் வண்டி உறுமியது. அவர் அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பானெட்டைத் தூக்கினார். பேட்டரியில் மீட்டரை வைத்தால் முள் நல்ல இடத்தில் நின்றது. சந்தேகத்தோடு ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பினார். டக் என்றது, ஆனால் எதிர்ச்சுவரில் விழுந்த வெளிச்சம் துளிகூட மங்கவில்லை. பேட்டரி செத்திருந்தால் லைட் சோர்ந்து போயிருக்கும். அப்படியானால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட் முழுசாகப் போய்த் திரும்பவில்லை.

தடியான கேபிள் ஒன்றை எடுத்து, பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து நேரே இன்ஜின் இரும்புக்கு இணைத்தார். சாவியைத் திருப்பின மறுநொடி இன்ஜின் ஓடியது.

இன்ஜினையும் பாடியையும் சேர்க்கும் எர்த் வயரைக் குனிந்து பார்த்தார். அதன் நுனிக்கு அடியில் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட், கரண்ட் தாண்ட முடியாதபடி. போன ஞாயிற்றுக்கிழமை, துருப்பிடிக்கிறதே என்று அவரே வயரைக் கழற்றி, பெயிண்ட் அடித்து, அதன் மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தார். “வேலைன்னா இப்படி இருக்கணும்” என்று மனைவியைக் கூப்பிட்டு வேறு காட்டியிருந்தார்.

உப்புத்தாளால் பெயிண்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு போல்ட்டை இறுக்கினார். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. அவருக்குத்தான் மதியச் சோறு இறங்கவில்லை. அவள் குனிந்து தள்ளியது கண்ணைவிட்டுப் போகவில்லை.

சாயங்காலம் கிளினிக் வாசலில் வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே வந்தார். “என்ன சார், பேட்டரி மாத்தியாச்சா?”

“ம்... சரி பண்ணியாச்சு” என்று வாய்க்குள் முணுமுணுத்தார். மனைவி ஏறி உட்கார்ந்தாள். தெருமுனை தாண்டியதும் கேட்டாள்.

“என்ன ரிப்பேர்?”

சொன்னார். பெயிண்ட், வயர், எல்லாவற்றையும். “தப்பு என்னுதுதான். மன்னிச்சிடு.”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். “எங்கிட்ட சொல்றீங்க சரி. காலையில பாத்தவங்களைப் பொறுத்தவரைக்கும் நான்தானே வண்டியைக் கெடுத்தவ?”

அவர் கிளினிக்குக்கே வண்டியைத் திருப்பினார்.

வாட்ச்மேன் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார். மருந்துப் பெண் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். இவர் இறங்கி அவர்கள் முன்னால் போய் நின்றார்.

“காலையில... இவங்க மேல ஒரு தப்பும் இல்ல. பேட்டரி நல்லாத்தான் இருக்கு. நான் பெயிண்ட் மேல வயரை மாட்டிட்டு, இவங்களைத் திட்டிட்டேன்.”

“அதுக்கென்ன சார், விடுங்க” என்றார் வாட்ச்மேன். மருந்துப் பெண் விடவில்லை. “அக்கா இன்னிக்குச் சாப்பிடவே இல்ல, தெரியுமா?”

அவர் தலையைத் தூக்காமல் காருக்கு வந்தார். அவள் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்திருந்தாள்.

“அந்தப் பக்கம் ஏறுங்க. எனக்குப் பசிக்குது.”