பந்தியில் உட்கார்ந்த மான்கள்

தை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, இத்தாலியின் பலெர்மோவில் தமிழர் வாடகைக்கு எடுத்துக் கோயிலாக்கிய மண்டபத்தில், அன்னதானப் பந்தியில் பதினொரு மான்கள் வந்து உட்கார்ந்தன. மலையில் பனி மூடிவிட்டதால் அவை சியாகுல்லியின் மண்டரின் ஆரஞ்சுத் தோட்டங்கள் வழியாக இறங்கி, பல்லரோ சந்தையில் மீன்வண்டிகளுக்கு வழிவிட்டு வந்திருந்தன. காலை மடித்து வரிசையாக இருந்தபடியால் யாரும் விரட்டவில்லை. பந்தியில் இருந்தவரை வெறும் வயிற்றோடு எழுப்புவது அங்கே வழக்கமில்லை. பகலில் வீடுகளில் தரை துடைத்து, வெள்ளியில் கோயிலுக்குச் சமைக்கும் நகுலேஸ்வரன் சோறும் பருப்பும் பாயசமும் போட்டார். மான்கள் தட்டை நக்கிவிட்டுப் போயின.

ஞாயிறன்று ஐந்து மான்கள் மண்டரின் மரங்களுக்கடியில் செத்துக் கிடந்தன. பசிதான் என்றது ஊர். தன் கை சுருங்கிவிட்டதென்று வெட்கப்பட்ட நகுலேஸ்வரன், அடுத்த வெள்ளி இரட்டிப்பாக அவித்தார். மீதி ஆறும் வந்து தின்றன; இம்முறை ஒரு பெண்மான்தான் மிஞ்சியது, அதுவும் சினை.

மிருக வைத்தியரிடம் வேலை செய்யும் சிவானுஜா, செத்த மான்களின் அறுத்த வயிறுகளைப் பார்த்துவிட்டு நேரே சமையலறைக்கு வந்தாள்.

"மாமா, உதுகள் பசியிலை சாகேல்லை. வயிறு முட்டச் சோறு. மாரியிலை மான்ரை வயிறு சுள்ளிக்கும் பட்டைக்கும் பழகினது. திடீரெண்டு சோறு விழுந்தால் புளிச்சு, ரத்தத்திலை ஏறிக் கொல்லும்."

"அப்ப நான்தான் சாக்காட்டினனானோ?"

"ஓம். ருசியாச் சமைச்சுச் சாக்காட்டினீங்கள்."

மூன்றாம் வெள்ளி சினைமான் தனியே வந்து உட்கார்ந்தது. நகுலேஸ்வரன் சோற்று வாளியோடு அதன் முன்னால் நின்றுவிட்டார். கோயில் தலைவர் விக்னராஜா வரிசையின் கடைசியிலிருந்து சத்தம் போட்டார்.

"என்ன பாக்கிறாய்? வயித்துப்பிள்ளைக்காரிக்குச் சோறில்லையெண்டால் பழி எங்களுக்கு!"

"போட்டால்தான் அண்ணை பழி."

வாளியை வைத்துவிட்டு அவர் பின்பக்கம் போனார். அங்கே கவ்வாத்து வெட்டிப் போட்டிருந்த ஒலிவ் கிளைகளை ஒடித்து, கை கழுவி, சோறு வைப்பதுபோலவே வலக்கையால் தட்டில் வைத்தார்.

"கோயில் பந்தியிலை சுள்ளியே?"

"அதுக்கு உதுதான் சோறு. நீங்கள் உங்கடையைச் சாப்பிடுங்கோ, ஆறுது."

மான் மெல்ல மென்று முடித்து, தட்டை மூக்கால் முன்னே தள்ளியது. அவர் இன்னொரு பிடி வைத்தார். பனி கரையும்வரை வெள்ளிதோறும் அப்படியே நடந்தது. விக்னராஜாவும் பிறகு தன் பங்குக்கு ஒரு கட்டு ஒலிவ் கிளை கொண்டுவந்தார். வைகாசிக் கடைசியில் மான் குட்டியோடு வந்து உட்கார்ந்தது. குட்டி இன்னும் தாய்ப்பால் குடித்ததால், அதற்குத் தட்டு வைக்கவில்லை.