‘பைலம்’ என்று எழுதியவர்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவரே இதன் நாயகன்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அசிங்கம். வேமுல ஓதேலு, தெலுங்கு சினிமாப் பாடலாசிரியர். ஹைதராபாத் கிருஷ்ணா நகர் இரானி ஓட்டலில் டீயைச் சாசரில் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"தெலுங்குல என்னைப் பத்தி எழுதுன அத்தனை பேரும் என்னை ஏழையாக்கி அழ வெச்சுட்டானுங்க தம்பி. நீ தமிழ்ல எழுது. எங்க ஆளுங்க படிக்க மாட்டாங்க. தைரியமா உண்மையை எழுதலாம்."

"உண்மைன்னா?"

"நான் பெரிய ஆளுங்கிறது."

நான் தெலுங்குப் படங்களைத் தமிழில் பேசவைக்கிற ஆள். நடிகர்களின் வாயசைவுக்குச் சொல் தேடித் தேடி ஹைதராபாத்திலேயே தலை நரைத்துவிட்டது. ஓதேலு என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் கிடையாது, அன்றைக்கு டீக்குக் காசு கொடுக்க வேண்டியவன் நான்.

2

தொடக்கத்துக்கு மூன்று வரி எழுதிப் பார்த்தேன்.

‘பெத்தபள்ளிக்குப் பக்கத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில்’ (வேண்டாம், அடிப்பார்.)

‘மழை கொட்டிய ஒரு மாலையில், ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில் அவர் நனைந்தபடி’ (மழையாவது ஒன்றாவது. மே மாசம். வெயில் மண்டையைப் பிளந்தது.)

‘ஓதேலு கோமாளிகளுக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார்.’

இது நிற்கும். ஆந்திராவும் தெலங்கானாவும் இன்னும் ஒரே மாநிலமாக இருந்த காலம் அது. கதாநாயகன் காதலிப்பது ஆந்திராவின் கிருஷ்ணா, குண்டூர் மாவட்டத் தெலுங்கில். குடிகாரன், ரவுடி, வாங்கிக் கட்டிக்கொள்கிற வேலைக்காரன், இவர்கள் மட்டும் ஓதேலுவின் தெலங்கானாத் தெலுங்கில் பேசுவார்கள். அவர்கள் வாயைத் திறந்தாலே தியேட்டர் சிரிக்கும். அதனால் கள்ளுக்கடைப் பாட்டு வேண்டுமென்றால் "கூப்பிடுய்யா ஓதேலுவை" என்பார்கள். வருவார், எழுதுவார், போவார். படத்தில் பெயர் போடும்போது ‘ஓம்கார்’ என்று போடுவார்கள். ஓதேலு என்றால் பெயரைப் பார்த்தே சிரிப்பார்களாம்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நல்ல பாட்டு வந்தது. படிக்கப் போகிற மகளை அப்பன் பஸ் ஏற்றிவிடுகிற பாட்டு. பெரிய படம். இது பிடித்துப்போனால் மீதிப் பாட்டுகளும் அவருக்கே என்று தயாரிப்பாளர் வரப்பிரசாத் சொல்லியிருந்தார்.

3

கதையை நிறுத்துகிறேன். எனக்கு ஒரு சிக்கல்.

ஓதேலுவுக்கு எந்தத் தமிழைக் கொடுப்பது? மற்றவர்கள் பேச்சிலிருந்து அவர் பேச்சு வேறாகத் தெரிய வேண்டாமா? முதல் வரைவில் சென்னைத் தெருத் தமிழ் கொடுத்தேன். "இன்னா சார், என் வார்த்தைக்கு இன்னா கொறச்சல்?" எழுதிவிட்டு நானே சிரித்தேன். சிரித்ததும் சுருக்கென்றது. அங்கே அவர்கள் செய்ததைத்தானே இங்கே நான் செய்கிறேன்? அடித்துவிட்டு மதுரைத் தமிழ் கொடுத்தேன். அவர் உடனே கையில் அரிவாளோடு நின்றார்.* போதுமடா சாமி என்று எல்லோருக்கும் ஒரே பேச்சைக் கொடுத்துவிட்டேன். இனி இந்தக் கதையில் யாரும் யாருடைய பேச்சைக் கேட்டும் சிரிக்க முடியாது. சிரிக்க வேண்டுமென்றால் விஷயத்துக்குச் சிரியுங்கள்.

*மதுரைக்காரர்கள் மன்னிக்கவும். சினிமா பார்த்துக் கெட்டவன் நான்.

4

ஒலிப்பதிவு நாள். பக்கத்து அறையில் என் வேலை முடிந்ததால் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். பாடகி சாருமதி காக்கிநாடாப் பெண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பல்லவியைப் பாடினார்.

‘பயணம் பிட்டா, தாரி கொத்ததி.’ பயணம் மகளே, வழி புதுசு.

வரப்பிரசாத் கண்ணை மூடித் தலையாட்டினார். ஓதேலு எழுந்து நின்றுவிட்டார்.

"நிறுத்துங்க. நான் எழுதுனது பயணம் இல்ல. பைலம்."

நடந்தது இதுதான். தட்டச்சு செய்தவர் விஜயவாடாக்காரர். ‘பைலம்’ என்ற சொல்லை அவர் கேட்டதே இல்லை. கவிஞர் அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டார் என்று, நல்ல மனசோடு, ‘பயணம்’ என்று திருத்திவிட்டார். தாளத்தில் இரண்டும் ஒரே அளவு. பொருளும் பொருந்துகிறது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மீதிப் பாட்டுகளும் ஓதேலுவுக்குத்தான். (நானாக இருந்தால் மூடிக்கொண்டிருப்பேன். கதை என்னைப் பற்றி இல்லாதது நல்லதாகப் போயிற்று.)

"பைலம்னா என்னங்க?" என்றார் சாருமதி.

"எங்க பக்கத்துல யார் கிளம்பினாலும் அதைத்தாம்மா சொல்லுவோம். பாத்துப் போ, பத்திரமா இருன்னு அர்த்தம்."

வரப்பிரசாத் சிரித்தார். "ஓதேலு காரு, அது உங்க கள்ளுக்கடைப் பாட்டு வார்த்தை. அப்பன் அழுவுற இடத்துல வந்தா குண்டூர்ல விழுந்து விழுந்து சிரிப்பான். ஜாக்கிரதைன்னு போடுங்களேன், மெட்டைக் கொஞ்சம் நீட்டிக்கலாம்."

"ஜாக்கிரதைன்னு நாய் இருக்கிற வீட்டு கேட்ல எழுதலாங்க. பெத்த பொண்ணுகிட்ட எவன் சொல்லுவான்?"

"அப்போ பயணமே இருக்கட்டும். அதுக்கென்ன?"

"பயணம்னு சொன்னா பொண்ணு மட்டும் போறா. பைலம்னு சொன்னா அப்பன் உசுரும் கூடப் போவுது. எங்கப்பன் எனக்கு அதைச் சொல்லித்தான் பஸ் ஏத்திவிட்டான். அவன் ஒண்ணும் கோமாளி இல்ல."

ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த மனிதரைத் தெரியும் என்பதில் எனக்கு அப்போது அவ்வளவு பெருமை.

"இது போனா மீதிப் பாட்டும் போயிடும், யோசிச்சுக்குங்க" என்றார் வரப்பிரசாத்.

"போகட்டும். ஆனா ஒண்ணு. பயணம்னு வந்தா என் பேரை எடுத்துடுங்க. பைலம்னு வந்தா பேர் போடுங்க. ஓம்கார் இல்ல. வேமுல ஓதேலு. சிரிக்கிறவன் ரெண்டுக்கும் சேர்த்துச் சிரிக்கட்டும்."

5

முடிவுகள்.

(அ) வரப்பிரசாதுக்கு அமெரிக்காவில் இருக்கும் மகள் ஞாபகம் வர, அவர் கண்ணீரோடு ஓதேலுவைக் கட்டிக்கொள்கிறார். இல்லை. அவருக்கு இரண்டும் பையன்கள், இருவரும் இதே ஹைதராபாத்தில், மாதாப்பூரில், அவர் காசில்தான் இருக்கிறார்கள்.

(ஆ) ஓதேலு விடுவிடுவென்று வெளியேறுகிறார். வேறொருவர் எழுதிய பாட்டு ஓகோவென்று ஓட, நம் ஆள் தெருமுனையில் நின்று அதைக் கேட்டு. ச்சீ. இதுதான் அவரை அழவைக்கிற கதை.

(இ) நடந்தது. சாருமதி யாரையும் கேட்காமல் கண்ணை மூடி "பைலம் பிட்டா" என்று ஒரு தடவை பாடினார். அவர் வாயில் அது புதுச்சொல். பழக்கமில்லாத சொல் என்பதால் மெதுவாக, உடைந்துவிடுமோ என்று பயந்து பாடினார். வரப்பிரசாத், "நாறுனா உங்க பேர்தான் நாறும்" என்று எழுந்து போனார்.

குண்டூரில் முதல் காட்சிக்கு ஓதேலு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். திரையில் ‘வேமுல ஓதேலு’ என்று வந்தது. பாட்டும் வந்தது. அந்தச் சொல் வந்தபோது முன்வரிசையில் ஒருத்தன் சிரித்தான். கூடச் சேர ஆளில்லை. தனியாகச் சிரித்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். ஓதேலு இருட்டில் என் கையைப் பிடித்திருந்தார். வலித்தது.

மீதிப் பாட்டுகள்? கொடுக்கவில்லை. வரப்பிரசாத் சொன்ன சொல் மாறாதவர். ஆனால் அதற்குப் பிறகு ஓதேலுவை யாரும் ஓம்கார் என்று கூப்பிடவில்லை.

6

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவிடாமல் இத்தனை வருஷம் கழித்து அந்தப் படத்தைத் தமிழில் கொண்டுவருகிறார்கள். பாட்டு என்னிடம் வந்திருக்கிறது. ‘பத்திரம்’ போட்டால் தாளம் இடிக்கிறது. ‘கவனம்’ உட்காருகிறது, ஆனால் அது வாத்தியார் வார்த்தை. ‘சூதானம்’ இடத்துக்குள் அடங்க மாட்டேன் என்கிறது. அச்சாக அளவெடுத்த மாதிரி, காதையும் உறுத்தாமல் பொருந்துவது ஒன்றே ஒன்றுதான், பயணம்.

நேற்று ஓதேலு போன் செய்தார்.

"என்ன தம்பி போட்ட?"

"இன்னும் போடல அண்ணா."

"பயணம்னு போட்டே, சென்னைக்கே வந்து அடிப்பேன்."

"நான் ஹைதராபாத்துலதான் இருக்கேன்."

"அப்போ இன்னும் சுலபம்."

எனக்குப் பிள்ளைகள் இல்லை. யாரையும் பஸ் ஏற்றிவிட்டுப் பழக்கமில்லை. ஆகவே இதை உங்களிடம் தருகிறேன். பஸ் நகர்கிறது. உங்கள் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். மெட்டெல்லாம் பார்க்க வேண்டாம், அகராதி வேண்டாம், யார் சிரிப்பார்கள் என்ற யோசனையும் வேண்டாம். உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்களோ அதையே, உங்கள் ஊர் வாயாலேயே, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்.

‘(                    ) மகளே, வழி புதுசு.’